கரையோர அரசின் கடலும் அயலார் போர்க்கப்பலும்

கடல் எல்லார்க்கும் பொதுவென்பார் ஒரு சாரார். கரையை ஆள்பவர்க்கே அதனையடுத்த கடலும் உரித்தென்பார் மற்றொரு சாரார். இவ்விரு கொள்கைகளுக்குமிடையே நான்கு நூற்றாண்டுகளாக நடந்துவரும் வழக்கே கடற்சட்டத்தின் வரலாறு எனலாம். வணிகக் கப்பலைப் பொறுத்தவரை இவ்வழக்குப் பெரும்பாலும் தீர்ந்துவிட்டது. சரக்கேற்றி அமைதியாகச் செல்லுங் கப்பலை எக்கரையாரும் அஞ்சுவதில்லை. போர்க்கப்பலின் நிலை வேறு. அது செல்லுமிடமெல்லாம் தன் நாட்டின் வலிமையையும் உடன்கொண்டு செல்கின்றது. ஒரு நாட்டின் கரையருகே அது வெறுமனே கடந்து செல்லுமாயின் அதனைத் தடுக்கலாமா? அங்கே நின்று பீரங்கிப் பயிற்சி செய்யுமாயின் அதனைப் பொறுத்தல் வேண்டுமா? கரையிலிருந்து நூறு மைலுக்கப்பால் அப்பயிற்சி நிகழின் அதனைக் கேட்கும் உரிமை யாருக்குண்டு? இவ்வினாக்களுள் முதலிரண்டுக்கும் சட்டம் விடை கண்டவாற்றையும், மூன்றாவதற்கு விடை காணப்படாது விடப்பட்டவாற்றையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பீரங்கிக் குண்டும் மூன்று மைலும்

கடல் பொதுவென்னுங் கொள்கையை முறையாக வகுத்துரைத்தவர் ஒல்லாந்து தேசத்து அறிஞர் குறோசியஸ் ஆவர். அவருடைய ‘சுதந்திரக் கடல்’ என்னும் பொருள்படும் இலத்தீன் நூல் 1609ஆம் ஆண்டு வெளிவந்தது. கீழைத்தேசக் கடல்கள் தமக்கே உரியவை எனப் போர்த்துக்கேயர் கொண்டாடிய உரிமையை மறுப்பதே அதன் குறிக்கோள். யாவா, இலங்கை, மொலுக்காத் தீவுகள் என்பன தமக்கெனச் சொந்த அரசர்களை உடையனவாதலின் அவற்றைப் போர்த்துக்கேயர் தமதெனல் பொருந்தாதென்பது அவர் காட்டிய நியாயங்களுள் ஒன்று. ஆயின் இந்நூல் பிறந்த வரலாறு நோக்கற்பாலது. 1603ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் சிங்கப்பூரையடுத்த கடலிற் போர்த்துக்கேயக் கப்பலொன்றைக் கவர்ந்தனர். அச்செயலுக்கு நியாயங் கூறுமாறு எழுதப்பட்ட பேராராய்ச்சியின் ஓர் அதிகாரமே பின்னர் இந்நூலாயிற்று. கடலின் சுதந்திரத்தைப் போற்றிய நூல் ஒரு கப்பலைக் கவர்ந்த செயலிலிருந்து தோன்றியதென்பது வியப்பே. 1658இல் யாழ்ப்பாணக் கோட்டையைக் கைப்பற்றி இலங்கையின் கரைகளில் நிலைபெற்ற ஒல்லாந்தர், தம் தேசத்து அறிஞர் கூறிய சுதந்திரத்தை ஈண்டுப் பிறர்க்கு அளித்தாரல்லர். கறுவா வணிகத்தைத் தமக்கே உரியதாக்கிக்கொண்டனர். வலியோர் கடலின் சுதந்திரத்தைத் தமக்கு வேண்டுமிடத்துப் பேசுதலும் வேண்டாவிடத்து மறத்தலும் பண்டுதொட்டு வந்த வழக்கமாகும்.

குறோசியசுக்கு மறுமொழியாக ஆங்கிலேயராகிய செல்டன் 1635இல் ‘அடைத்த கடல்’ என்னுங் கருத்துப்பட நூலெழுதினார். இவ்விரு முனைகளுக்கும் நடுவே ஓர் அளவுகோலைக் கண்டவர் ஒல்லாந்து அறிஞராகிய பிங்கர்ஷூக். நிலத்தினின்று படைக்கலத்தின் வலிமை எவ்வளவு தூரம் எட்டுமோ அவ்வளவு தூரமே நிலத்தரசனின் ஆட்சியும் எட்டும் என்பது 1702ஆம் ஆண்டளவில் அவர் வகுத்த கொள்கை. இதனைப் பீரங்கிக் குண்டு விதி என்பர். 1782இல் இத்தாலியராகிய கலியானி அத்தூரத்தை மூன்று கடல் மைல் என வரையறுக்க, அவ்வளவே பல நாடுகளின் வழக்கமாயிற்று. இவ்வாறு கரையரசின் ஆட்சிக்குட்பட்ட நீர்ப்பரப்பே ஆள்புலக் கடல் எனப்படுவது. அதனுள்ளும் அயல்நாட்டுக் கப்பல்கள் கரையோர நாட்டுக்குத் தீங்கு செய்யாது கடந்து செல்லலாம் என்னும் மரபு வளர்ந்தது. இதுவே தீங்கற்ற கடப்புரிமை. இவ்வுரிமை போர்க்கப்பலுக்கும் உண்டோ, உண்டெனின் எத்தகைய நடத்தை தீங்கற்றது என்பன மட்டும் நெடுங்காலம் தெளிவுபெறாதிருந்தன.

கோர்பூ நீரிணை வழக்கு

இரண்டாம் உலகப் போர் முடிந்த மறு ஆண்டில் இவ்வினா உயிர்ச்சேதத்துடன் எழுந்தது. கிரேக்க நாட்டுக்குரிய கோர்பூத் தீவை எதிரேயுள்ள பெருநிலத்தினின்று ஒடுங்கிய நீரிணையொன்று பிரிக்கின்றது. அதன் வடபகுதியிற் கப்பல்கள் செல்லும் வழி அல்பேனியாவின் ஆள்புலக் கடலினூடே அமைந்தது. 1946 மே 15ஆந் தேதி ஓரியன், சுப்பேர்ப் என்னும் பிரித்தானியக் குறூசர்க் கப்பல்கள் இரண்டு அவ்வழியே செல்ல, அல்பேனியக் கரையிலிருந்த பீரங்கிகள் அவற்றை நோக்கிச் சுட்டன. கப்பல்களுக்குச் சேதமில்லை. தீங்கற்ற கடப்புரிமை மீறப்பட்டதெனப் பிரித்தானியா முறையிட்டது. முன்னறிவித்து அனுமதி பெறாத கப்பல் எதுவும் தன் கடலிற் புகலாகாதென அல்பேனியா விடையிறுத்தது. மீண்டுஞ் சுடப்படின் தன் கப்பல்கள் திருப்பிச் சுடும் எனப் பிரித்தானியா ஆகஸ்ட் மாதத்தில் எச்சரித்தது.

அவ்வாண்டு அக்டோபர் 22ஆந் தேதி மொரீசியஸ், லீயாண்டர் என்னும் குறூசர்களும் சோமரெஸ், வோலேஜ் என்னும் நாசகாரிக் கப்பல்களும் கோர்பூத் துறையினின்று வடக்கு நோக்கிப் புறப்பட்டன. சரந்தா விரிகுடாவுக்கு அண்மையிற் சோமரெஸ் கடற்கண்ணிவெடியொன்றில் மோதியது. அதனைக் கயிறுகட்டி இழுக்கச் சென்ற வோலேஜும் மற்றொரு கண்ணிவெடியில் மோதி முன்பகுதியை இழந்தது. நாற்பதுக்கும் மேற்பட்ட கடற்படையினர் இறந்தனர். 1944இலும் 1945இலும் கண்ணிவெடி அகற்றப்பட்டு, ஆபத்தற்றதென அறிவிக்கப்பட்டிருந்த வழி அது.

பிரித்தானியா அடுத்துச் செய்த செயலே இவ்வழக்கின் மறுபாதியாகும். நவம்பர் 10ஆந் தேதி அந்நீரிணையைத் துழாவப்போவதாக அல்பேனியாவுக்கு அறிவித்தது. தன் ஆள்புலக் கடலுக்குள் தன் இசைவின்றி அது நடைபெறலாகாதென அல்பேனியா எதிர்த்தது. எனினும் நவம்பர் 12, 13ஆந் தேதிகளில் பெரும் போர்க்கப்பல்களின் காவலுடன் பிரித்தானியக் கப்பல்கள் அங்கே புகுந்து 22 கண்ணிவெடிகளை அறுத்தெடுத்தன.

பிணக்கு ஐக்கிய நாடுகள் தாபனத்தின் பாதுகாப்புச் சபைக்குச் சென்றது. 1947 ஏப்ரில் 9ஆந் தேதி சபை இதனைச் சர்வதேச நீதிமன்றுக்குக் கொண்டு செல்லுமாறு இருதிறத்தார்க்கும் விதந்துரைத்தது. ஹேக் நகரிற் புதிதாக நிறுவப்பட்ட அம்மன்றின் முதல் வழக்கு இதுவேயாம். சரியாக ஈராண்டுகளின் பின், 1949 ஏப்ரில் 9ஆந் தேதி, தீர்ப்பு வழங்கப்பட்டது.

அத்தீர்ப்பு மூன்று கூறுகளையுடையது. முதலாவது, கண்ணிவெடிகளை யார் இட்டார் என்பது நிறுவப்படவில்லை. எனினும் இடைவிடாது கரையைக் காவல் செய்த அல்பேனியாவின் அறிவுக்கெட்டாது அவை இடப்பட்டிருத்தல் இயலாது. அறிந்தும் கப்பல்களை எச்சரியாமை குற்றம். இது 11 நீதிபதிகளின் முடிவு, ஐவர் மாறுபட்டனர். இரண்டாவது, அக்டோபர் 22ஆந் தேதிப் பயணத்தாற் பிரித்தானியா அல்பேனியாவின் இறைமையை மீறவில்லை. திறந்த கடலின் இரு பகுதிகளை இணைத்துச் சர்வதேசப் போக்குவரத்துக்குப் பயன்படும் நீரிணையில், அமைதிக் காலத்திற் போர்க்கப்பலுக்கும் முன்னனுமதியின்றிக் கடக்கும் உரிமையுண்டு. இதனை 14 நீதிபதிகள் ஏற்றனர், இருவர் மறுத்தனர். மூன்றாவது, நவம்பர் மாதத்திற் கண்ணிவெடிகளை அகற்றிய செயலாற் பிரித்தானியா அல்பேனியாவின் இறைமையை மீறியது. இதில் நீதிபதிகள் அனைவரும் ஒருமித்தனர்.

இவற்றுள் இரண்டாங் கூற்றின் நியாயம் நுணுகி நோக்கத்தக்கது. அப்பயணம் அல்பேனியாவின் மனப்பான்மையைச் சோதிக்கவும் மேற்கொள்ளப்பட்டதென்பதை நீதிமன்று அறிந்தேயிருந்தது. ஆயினும் நோக்கத்தைக் கொண்டு மட்டும் தீர்ப்புக் கூறாது, அப்பயணம் நிகழ்ந்த முறையை ஆராய்ந்தது. கப்பல்கள் போரணியாக வகுக்கப்படாது ஒன்றன்பின் ஒன்றாகச் சென்றனவா? பீரங்கிகள் கரையை நோக்கித் திருப்பப்படாது வழக்கமான நிலையில் இருந்தனவா? இவையே அது கேட்ட வினாக்கள். ஆம் என விடை கிடைத்தமையால் பயணம் தீங்கற்றதென முடிவாயிற்று. போர்க்கப்பல் என்பதால் மட்டும் ஒரு கப்பல் தீங்குடையதன்று. அது செய்வதைக் கொண்டே அதனை மதித்தல் வேண்டும் என்னும் நியதி இங்ஙனம் நிலைபெற்றது.

மூன்றாங் கூறு அதனினும் பெரிது. இறந்தோர் பிரித்தானியர், குற்றத்தின் சான்று அக்கடலின் அடியிற் கிடந்தது, சான்றைக் காப்பாற்றவே சென்றோம் என்பது பிரித்தானியாவின் வாதம். நீதிமன்று அதனை ஏற்கவில்லை. இத்தகைய தலையீட்டுரிமையை ஏற்பின் அது வல்லரசுகளுக்கே பயன்படும். நீதி வழங்கும் முறையையே கெடுத்துவிடும் என்பது மன்றின் கருத்து. தவறிழைத்தவன் சிறியவனாயினும், தன் கையாலேயே நீதி செய்துகொள்ளும் உரிமை பெரியவனுக்கில்லை என்பதே இதன் சாரம். அல்பேனியா £843,947 இழப்பீடாகச் செலுத்தவேண்டுமென 1949 டிசம்பரில் நிர்ணயிக்கப்பட்டது. அக்கடன் நாற்பதாண்டுகளுக்கு மேலாகத் தீராது கிடந்து, 1992இற் காணப்பட்ட இணக்கத்தின்படி 1996இலேயே முடிவுற்றது.

பன்னிரண்டு மைலுக்குள்

கோர்பூத் தீர்ப்பு நீரிணையைப் பற்றியது. ஆள்புலக் கடல் முழுவதுக்கும் விதி செய்யும் முயற்சி 1958இல் ஜெனீவா நகரில் 86 நாடுகள் கூடிய மகாநாட்டில் நடைபெற்றது. கரையோர நாட்டின் அமைதிக்கும் ஒழுங்குக்கும் பாதுகாப்புக்கும் ஊறு செய்யாத கடப்பே தீங்கற்றது என அங்கே பொதுப்பட வரையறுத்தனர். போர்க்கப்பல் முன்னறிவித்தல் வேண்டுமென விதிக்கும் பிரேரணைக்கு வேண்டிய மூன்றிலிரண்டு பங்கு ஆதரவு கிட்டவில்லை. ஆள்புலக் கடலின் அகலமும் முடிவாகவில்லை. 1960இற் கூடிய இரண்டாம் மகாநாட்டில் அது பற்றிய பிரேரணை ஒரேயொரு வாக்குக் குறைவால் தோற்றது.

மூன்றாம் மகாநாடு 1973இல் தொடங்கி 1982 வரை நீண்டது. அதன் தலைவராக விளங்கியவர் இலங்கையராகிய ஷேர்லி அமரசிங்க ஆவர். 1980 டிசம்பரில் அவர் மறைந்தபின் சிங்கப்பூரின் ரொமி கோ அப்பதவியை ஏற்றார். 1982 டிசம்பர் 10ஆந் தேதி ஜமெய்க்கா நாட்டில் மொன்ரெகோ விரிகுடா நகரிற் கையெழுத்துக்கு வைக்கப்பட்ட கடற்சட்டச் சமவாயம் 1994 நவம்பர் 16ஆந் தேதி நடைமுறைக்கு வந்தது. ஆள்புலக் கடல் பன்னிரண்டு மைல் வரை விரியலாமென அது வரையறுத்தது. கடப்பைத் தீங்குடையதாக்கும் பன்னிரண்டு செயல்களை அதன் 19ஆம் உறுப்புரை எண்ணிக் கூறுகின்றது. அவற்றுள் இரண்டாவது, எவ்வகைப் படைக்கலங்கொண்டுஞ் செய்யப்படும் பயிற்சி அல்லது ஒத்திகை. உளவறிதலும், கப்பலினின்று விமானத்தை எழுப்புதலும் அவ்வரிசையில் அடங்கும். நீர்மூழ்கிக் கப்பல் மேலெழுந்து தன் கொடியைக் காட்டிச் செல்லல் வேண்டும். விதிக்கு அடங்காத போர்க்கப்பலை உடனே வெளியேறுமாறு கரையோர நாடு பணிக்கலாம். ஹேக் நீதிபதிகள் பீரங்கியின் திசையை நோக்கிக் கண்ட நியதி இங்கே எழுத்து வடிவம் பெற்றதெனலாம். பன்னிரண்டு மைலுக்குள் அயலார் கடற்படை கரையரசின் இசைவின்றிப் பயிற்சி செய்யலாமா என்னும் வினாவுக்கு இனி ஐயத்துக்கிடமில்லை. ஆகாது என்பதே விடை.

இவ்வரிசை வல்லரசுகளுக்கிடையேயும் பயன்பட்டது. 1988 பெப்ரவரி 12ஆந் தேதி யோர்க்ரவுன், கரன் என்னும் அமெரிக்கப் போர்க்கப்பல்கள் கருங்கடலிற் கிரிமியாவையடுத்த சோவியத் ஆள்புலக் கடலிற் புகுந்தபோது சோவியத் கப்பல்கள் அவற்றை வேண்டுமென்றே இடித்தன. அணுப் படைக்கலம் உடைய இரு நாடுகளின் கப்பல்கள் விலாவோடு விலா உரசிய நாள் அது. மறு ஆண்டு செப்டம்பர் 23ஆந் தேதி இரு நாடுகளும் கூடி, 19ஆம் உறுப்புரையின் வரிசை முற்றும் நிறைந்ததென்றும், அவற்றுள் எதனையுஞ் செய்யாத போர்க்கப்பல் அறிவித்தலோ அனுமதியோ இன்றிக் கடக்கலாமென்றும் ஒத்த கருத்தை வெளியிட்டன. தெளிவான சொல் இருந்தமையால் இணக்கமும் எளிதாயிற்று.

இருநூறு மைலுக்குள்

சொல் தெளிவில்லாதவிடத்து நிகழ்ந்தது வேறு. 1982ஆம் ஆண்டுச் சமவாயம் ஆள்புலக் கடலுக்கப்பால், கரையிலிருந்து 200 மைல் வரை, பிரத்தியேக பொருளாதார வலயம் என்னும் புதியதொரு நீர்ப்பரப்பை வகுத்தது. அங்கே மீனும் எண்ணெயும் பிற செல்வங்களுங் கரையோர நாட்டுக்குரியவை. கப்பலோட்டமும் வானோட்டமும் அவற்றோடு தொடர்புற்ற பிற நியாயமான பயன்பாடுகளும் எல்லா நாடுகளுக்கும் உரியவை. படைப்பயிற்சி இவ்விரண்டனுள் எதனைச் சாரும்? சமவாயம் அதனைப் பெயர் சுட்டிக் கூறவில்லை. கூறப் புகுந்திருப்பின் மகாநாடே குலைந்திருக்கும் என்பதை அறிந்தோர் வாளாவிருந்தனர்.

எழுதாது விட்ட இடத்தை ஒவ்வொரு நாடும் தன் கருத்தால் நிரப்பியது. பிரேசில், உருகுவே, கேப் வேர்ட், மலேசியா, பாகிஸ்தான், வங்காளதேசம் என்பன தம் இசைவின்றி இவ்வலயத்திற் படைப்பயிற்சி செய்யச் சமவாயம் இடந்தரவில்லை என அறிவித்தன. இந்தியா 1995 ஜூன் 29ஆந் தேதி சமவாயத்தை ஏற்றபோது இவ்வாறே கூறி, படைக்கலமும் வெடிமருந்தும் பயன்படும் பயிற்சிகளைச் சிறப்பாகச் சுட்டியது. பிரித்தானியா, ஜேர்மனி, இத்தாலி, நெதர்லாந்து என்பன இதனை மறுத்தன. திறந்த கடலிற் கடற்படைப் பயிற்சி என்றும் இருந்துவந்த சுதந்திரம். வலயம் மீனுக்கும் எண்ணெய்க்குமாக வகுக்கப்பட்டது. அதனைப் பாதுகாப்பு வலயமாக மாற்றலாகாது என்பது இவர்தம் வாதம். இதுவும் எளிதிற் புறக்கணிக்கத்தக்கதன்று. கரையோர நாடுகள் யாவும் 200 மைலையும் படைகளுக்கு அடைத்துவிடின் உலகக் கடலில் மூன்றிலொரு பங்குக்கு மேல் அடைபட்டுவிடும். அதனாற் சிறு நாடுகளுங் கட்டுண்ணும்.

2021 ஏப்ரில் 7ஆந் தேதி ஜோன் போல் ஜோன்ஸ் என்னும் அமெரிக்க நாசகாரிக் கப்பல் இலட்சத்தீவுகளுக்கு மேற்கே ஏறத்தாழ 130 கடல் மைல் தொலைவில், இந்தியாவின் வலயத்துக்குள் சென்றது. இந்தியாவின் முன்னனுமதியைக் கேளாது சென்றதாக அமெரிக்கக் கடற்படையே வெளிப்படையாக அறிவித்தது. இந்தியா தன் கவலையை அரசுத் தூதர் வழியே தெரிவித்தது. நட்பு நாடுகளுக்கிடையேயும் இவ்வினா தீராது நிற்பதற்கு இது தக்க சான்று.

இந்து சமுத்திரமும் சிறு நாடுகளும்

இலங்கைக்கு இது புதிய கவலையன்று. வல்லரசுகளின் கடற்படைப் போட்டியினின்று இந்து சமுத்திரத்தை விடுவித்தல் வேண்டுமெனச் சிறீமாவோ பண்டாரநாயக்காவின் அரசாங்கம் ஐக்கிய நாடுகள் பொதுச்சபையில் வாதாடியது. அதன் பயனாக, இந்து சமுத்திரம் சமாதான வலயம் என்னும் பிரகடனம் 1971 டிசம்பர் 16ஆந் தேதி நிறைவேறியது. 61 நாடுகள் ஆதரித்தன; எதிர்த்தோர் இலர்; 55 நாடுகள் வாக்களியாது விலகின. அதே நாட்களில், வங்காளதேசப் போரின் முடிவுக்காலத்தில், என்ரபிறைஸ் என்னும் விமானந்தாங்கிக் கப்பலின் தலைமையில் அமெரிக்கக் கப்பற்படையொன்று வங்காள விரிகுடாவை நோக்கி வந்தது. பிரகடனம் அப்படையைத் தடுக்கவில்லை. தடுக்கும் வலியும் அதற்கில்லை. வாக்குகளாற் பெற்ற விருப்பம் வேறு, கட்டுப்படுத்துஞ் சட்டம் வேறு என்பதை அந்நாட்கள் உணர்த்தின.

பின்னர் இலங்கை 1976ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் கடல் வலயச் சட்டத்தால் அயல்நாட்டுப் போர்க்கப்பல் தன் ஆள்புலக் கடலிற் புகுமுன் இசைவு பெறல் வேண்டுமென விதித்தது. அதே ஆண்டில் இந்தியா செய்த சட்டம் முன்னறிவித்தலே போதும் என்றது. அடுத்துள்ள இரு நாடுகளும் இவ்வாறு வேறுபட்டதற்குக் காரணம், 1958இல் தோற்ற பிரேரணை விட்டுச்சென்ற வெற்றிடமேயாகும். இசைவு உண்டாயின் பிணக்கில்லை. இந்திய, இலங்கைக் கடற்படைகள் 2005 முதல் நடத்திவரும் கூட்டுப் பயிற்சி எவர் இறைமையையும் மீறுவதன்று. இசைவின்றி வருதலே வினாவுக்குரியது.

கோர்பூ வழக்கைப்போல இம்மூன்றாம் வினாவையும் ஒரு நீதிமன்றின்முன் வைத்துத் தீர்க்கலாகாதா எனக் கேட்கலாம். சமவாயத்தின் 298ஆம் உறுப்புரை அதற்கு ஒரு தடை வைத்துள்ளது. படை நடவடிக்கை பற்றிய பிணக்குகளைக் கட்டாய நீதிவிசாரணையினின்று விலக்கிக்கொள்ள விரும்பும் நாடு அவ்வாறு அறிவிக்கலாம். ருசியா, பிரான்ஸ், பிரித்தானியா, சீனா ஆகிய நான்கும் அவ்விலக்கைப் பெற்றுள்ளன. ஐக்கிய அமெரிக்கா சமவாயத்திற் சேரவேயில்லை. ஆகவே பாதுகாப்புச் சபையின் நிரந்தர உறுப்பினர் ஐவருள் எவரையும் இவ்வினாவில் அச்சமவாயத்தின்கீழ் நீதிமன்றின்முன் நிறுத்துதல் அரிது. 1949இல் அல்பேனியாவும் பிரித்தானியாவும் ஒரே மன்றின்முன் சமமாக நின்றன. இருவர் தவறும் இருவர்க்கும் உரைக்கப்பட்டது. மேலும் விரிந்த கடலுக்கு மேலும் விரிவான சட்டஞ் செய்த பிற்காலத்தார் அத்தகைய மன்றுக்குச் செல்லும் வழியை ஒடுக்கிவிட்டனர்.

பீரங்கிக் குண்டு எட்டுந் தூரமே ஆட்சியின் எல்லை எனக் கூறிய காலத்திற் கரையின் வலிமையே சட்டமாயிருந்தது. பன்னிரண்டு மைலுக்குள் அந்நிலை மாறி, சிறிய நாட்டையும் பெரிய கப்பலையும் ஒருங்கே கட்டுப்படுத்தும் சொல் பிறந்தது. அச்சொல்லைப் பெறுதற்கு ஒரு நீரிணையில் உயிர்கள் பல மடிந்தன. இருநூறு மைலிலும் அத்தகைய சொல் பிறத்தல் வேண்டும். அதற்கு விலையாக மற்றொரு கோர்பூ நேராதிருத்தல் வேண்டும். பெரும் படையில்லாத நாடுகளுக்கு எழுதப்பட்ட சட்டமே அரண். அவ்வரணில் உள்ள வாயிலை அடைப்பது இனி வரும் சட்ட அறிஞர்க்கும் அரசறிஞர்க்கும் உரிய கடமையாகும்.